பெயர் ஒட்டாத பாட்டில்

போன மாதம் ஷர்மிளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மலையில் என் இடத்துக்கு வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர் அவள்.

“அக்கா, மகளிர் குழுவுக்கு ஒரு பயிற்சி வெக்கிறாங்க. கஷ்டப்படாம வூட்டை சுத்தமா வெச்சுக்கறது எப்படின்னு தலைப்பு. உங்களுக்குதான் அதெல்லாம் அத்துப்படியாச்சே. பத்து பாயிண்ட் எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, நான் படிச்சிடறேன்.”

எழுத உட்கார்ந்தேன். ஐந்துக்கு மேல் வரவில்லை. வராது என்று எனக்கே தெரியும். பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்த பதினான்கு விஷயங்களை ஐந்தாகக் குறைத்ததுதான் என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை. அந்த ஐந்தையும் அவளுக்கு அனுப்பிவிட்டேன். அதில் ஒன்று என்ன ஆயிற்று என்பதை அனுப்பவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். செவிலியர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுவரில் ஒரு படம் மாட்டியிருப்பார்கள். ஓட்டு வீடு, வாசலில் பூந்தொட்டி, பக்கத்தில் தண்ணீர் கொட்டும் குழாய். அந்தப் படத்தைக் காட்டிப் பேசக் கற்றுக்கொண்டோம். அடிவாரத்து ஊர்களில் பத்து வருடம் அந்தப் படத்தைக் காட்டியே பேசினேன். அங்கே குழாய் இருந்தது, அதனால் ஒன்றும் உறுத்தவில்லை.

பிறகு ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள். புதூர்நாடு வரை பஸ், அங்கிருந்து கிடைத்தால் ஜீப், கிடைக்காவிட்டால் நடை. எனக்குக் கொடுத்த குக்கிராமங்களில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

அவள் பெயரை அலமேலு என்று வைத்துக்கொள்ளலாம். நான் முதல் முறை போனபோது கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். பத்துப் பெண்களை உட்கார வைத்துப் படத்தை விரித்துப் பேசினேன். தினமும் இரண்டு வேளை வீட்டைக் கழுவித் துடைக்க வேண்டும், பாத்திரத்தை மூன்று தண்ணீரில் அலச வேண்டும், கையை ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், துணியைத் தினமும் துவைக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். அலமேலு மட்டும் சிரித்தாள்.

“இன்னாம்மா சிரிக்கறே?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க நர்ஸம்மா. நீங்க சொன்னதெல்லாம் செய்யறேங்க. நாளிக்குக் காலைல என்கூட ஊத்துக்கு ஒரு தபா வாங்க, போதும்.”

வீம்புக்குப் போனேன். ஊற்று பள்ளத்தில் இருந்தது. இறங்கும்போது தெரியவில்லை. ஒரு சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும்போது இரண்டு இடத்தில் வழுக்கி, பாதித் தண்ணீர் புடவையில் போய்விட்டது. அவள் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் கேட்டாள்:

“நேத்து சொன்னீங்களே, அதுக்கெல்லாம் எத்தினி கொடம் ஆவும், எண்ணிச் சொல்லுங்க?”

எண்ணினேன். ஒன்பது குடம். அவள் ஒரு நாளைக்குக் கொண்டுவருவது நான்கு. அந்த நான்கிலும் ஒன்று மாட்டுக்கு.

“ஒம்போது கொடம் தூக்குனா வூடு சுத்தமா இருக்குங்க. நான் இருக்க மாட்டேன்.”

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கே அந்தப் படத்தைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான் எனக்கு. நான் சொல்லப் போகும் விஷயத்துக்கு எத்தனை குடம் ஆகும்? குடம் கேட்கும் அறிவுரையை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நோயைத் தடுக்காமல் பார்வைக்கு மட்டும் நன்றாக இருப்பதையும் தள்ளினேன். மிஞ்சியது ஐந்து.

குடிக்கிற தண்ணீர்ப் பானைக்குள் யார் கையும் போகக் கூடாது. அதற்கு நீளக் காம்பு வைத்த அகப்பை, அதுவும் தரையில் கிடக்காமல் ஆணியில் தொங்க வேண்டும். இது முதலாவது. அடுப்படியில் பாத்திரம் இறக்க, கை துடைக்க, தரை துடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே கரித்துணியை எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார்கள். ஒரு வீட்டிலேயே அழுக்கான பொருள் அதுதான். அதை இரண்டாகக் கிழித்து, ஒன்று வேலையில் இருக்கும்போது இன்னொன்று வெயிலில் காய வேண்டும். ஈரம் காய்ந்தாலே பாதி நோய் போகும். பாய், கம்பளி, தலையணையைத் துவைக்கவே வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் வேலி மேல் போட்டுப் பொழுது சாயும் முன் எடுத்தால் போதும். வீட்டைப் பெருக்குவதை மேலிருந்து தொடங்க வேண்டும், பரண், சுவர், அப்புறம் தரை. தரையைப் பெருக்கிவிட்டுப் பரணைத் தட்டினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும். இந்த நான்காவதோடு சேர்த்து, வாசற்படியில் ஒரு பழைய சாக்கும் போட்டால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் வரும் சேற்றில் முக்கால்வாசி அங்கேயே நின்றுவிடும்.

ஐந்தாவது, பாட்டில்.

காலிக் கூல்டிரிங்ஸ் பாட்டிலின் அடியோரத்தில், நெருப்பில் காய்ச்சிய ஊசியால் ஒரு ஓட்டை போட வேண்டும். தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்கினால் சொட்டுக்கூட விழாது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் நூல் மாதிரித் தண்ணீர் வரும். வாசலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் அடுப்புச் சாம்பல் வைத்தால், ஒரு பாட்டில் தண்ணீரில் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரு நாள் முழுக்கக் கை கழுவலாம். இதை நான் ஒரு முகாமில் பார்த்தேன். அலமேலு அதை இன்னும் ஒழுங்குபடுத்தினாள். காற்றில் ஆடாமல் இருக்க இரண்டு கயிறு போட்டாள். எட்டு வருடம் கழித்து அவளுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்தது. மல்லிகா. குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதன் உயரத்துக்கு இன்னொரு பாட்டில் கட்டினாள். மூடியை எப்படித் திருகுவது என்று மல்லிகாவின் பிஞ்சு விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது நான். மூன்று வயதில் அது தானாகவே திறந்து, கழுவி, மூடும். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்ப்பார்கள்.

ஒவ்வொரு வீடாகப் பாட்டில் தொங்க ஆரம்பித்தது. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்குக்காக நான் கொண்டுபோகும் உப்புக்கரைசல் பொட்டலங்கள் பையிலேயே மிஞ்சின. யாரும் அதற்காக என்னைப் பாராட்டவில்லை. நடக்காமல் போன நோயை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவரை தனகோட்டி சார் என்று சொல்கிறேன், அது அவர் பெயரல்ல. அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. எங்களையெல்லாம் ‘மா’ போட்டுத்தான் பேசுவார். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் வாசலில் நின்று மூச்சை இழுப்பார். பிறகு ஜன்னல் கட்டையில் விரலை வைத்து ஒரு இழுப்பு, விரலைப் பார்ப்பார். அவ்வளவுதான் அவருடைய ஆய்வு. தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

“சுத்தம்னா வாசனை வரணும் மா. வர்றவங்க மூக்காலதான் முதல்ல பார்ப்பாங்க” என்பார்.

வீட்டுக்கு ஒரு கழிப்பறை கட்டினார்கள். சரிவில், ஊற்றுக்கு நேர் எதிர்ப்புறம். ஒவ்வொரு முறைக்கும் அரைக் குடம் தண்ணீர் வேண்டும். யார் தூக்குவது? பெண்கள்தான். அதனால் யாரும் பயன்படுத்தவில்லை. பூட்டுப் போட்ட, மழை ஒழுகாத ஒரு அறை கிடைத்ததே என்று புளி மூட்டையும் விறகும் போட்டு வைத்தார்கள். நான் இதை எழுதிக் கொடுத்தேன். தண்ணீரை மேலே ஏற்றாமல் கழிப்பறை நடக்காது என்று எழுதினேன். தனகோட்டி சார் படித்துவிட்டு, “கரெக்ட் மா, கரெக்ட்” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த செய்தி, மாதிரிக் கிராமம் என்று அலமேலுவின் ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு பார்வையிட வருகிறது என்பது. ஜீப்பில் இரண்டு பெரிய கேன்கள் வந்து இறங்கின. ஒன்று பினாயில், இன்னொன்று கழிப்பறை கழுவும் ஆசிட். கேன் மேல் ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்திருந்தது. வீட்டுக்கு அரை பாட்டில் ஆசிட் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. எதில் ஊற்றுவது? அவரவர் வீட்டில் இருக்கும் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

நாற்பது வீட்டிலிருந்தும் கொண்டுவந்தார்கள். எல்லாம் ஓட்டை போடாமல் எடுத்து வைத்திருந்த கூல்டிரிங்ஸ் பாட்டில். அவர்களிடம் வேறு பாட்டில் ஏது? நான்தானே பன்னிரண்டு வருடமாக அதைச் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

ஆசிட் இளமஞ்சள் நிறம். பாட்டிலில் ஊற்றினால் எலுமிச்சம்பழ ஜூஸ் மாதிரி இருந்தது.

“சார், ஒரு பேப்பராவது எழுதி ஒட்டிக் குடுக்கலாம். மண்டையோடு படம் மாதிரி ஏதாவது” என்றேன்.

“அங்க யாரு மா படிக்கப் போறாங்க? நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க. வாயால சொல்லிடுங்க, போதும். சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்.”

வாயால் சொன்னேன். ஒவ்வொரு பெண்ணிடமும் சொன்னேன். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வை, கையில் படக் கூடாது, வேலை முடிந்ததும் மூடிவிடு. முகத்தில் துணி கட்டிக்கொண்டு புனல் வைத்து நாற்பது பாட்டிலிலும் நானே ஊற்றினேன். காகிதமும் பசையும் துணைச் சுகாதார நிலையத்தில் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தன. போய் எடுத்துவர எத்தனை நேரம் ஆகியிருக்கும்? இதை இத்தனை வருடத்தில் எத்தனை முறை கணக்குப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை ஒத்திகை. குழு வருவதற்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தனகோட்டி சார் பார்க்க வந்தார். பெண்களையெல்லாம் ஊர் நடுவில் நிற்க வைத்து, குழு என்ன கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அலமேலுவைக் காணோம். அவள் புளி மூட்டைகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கழிப்பறையை ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். மல்லிகா வாசலில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

“அலமேலு எங்க மா? அவ வீட்டைத்தானே முதல்ல காட்டணும்” என்றார் சார்.

நான் திரும்பி நின்று கத்தினேன். “அலமேலு! சீக்கிரம் வா, சார் நிக்கிறாரு!”

“இதோ வந்துட்டேங்க நர்ஸம்மா!”

நான் கூப்பிட்டால் அவள் போட்டது போட்டபடி வருவாள். அன்றைக்கும் வந்தாள். பாட்டிலின் மூடியை மட்டும் நன்றாக இறுக்கி, வாசலோரம் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். அவள் கை ஈரமாக இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டே வந்து வரிசையில் நின்றாள்.

சார் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சத்தம் கேட்டது. அழுகை மாதிரி இல்லை. கோழியின் கழுத்தை நெரித்தால் வருமே, அப்படி.

ஓடினோம். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெண் போய்விட்டாள். குழந்தையைக் குப்புறப் பிடித்து, வாய்க்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருந்தாள். “விடு, விடு, வாந்தி எடுக்க வெக்காத!” என்று கத்திக்கொண்டே போய்ப் பிடுங்கினேன். அதற்குள் ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டது. ஆசிட் போகும்போது ஒரு தரம் சுடும், திரும்பி வரும்போது இன்னொரு தரம் சுடும். அது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நேற்று நாற்பது பேரிடம் வாயால் சொன்னேனே, இதைச் சொன்னேனா? சொல்லவில்லை. உதட்டோரம் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டே மல்லிகா என்னைப் பார்த்தது. வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து, தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன்.

தனகோட்டி சார் ஜீப்பைத் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். கதவை அவரே திறந்தார். அலமேலுவும் குழந்தையும் பின்னால் ஏறினார்கள். நான் திரும்பி ஓடிப் போய் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன். விஷம் எதுவானாலும் அது இருந்த பாத்திரத்தோடு டாக்டரிடம் போக வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விதி.

“அதை எதுக்கு மா எடுத்துட்டு வர்றீங்க? போட்டுட்டு ஏறுங்க, நேரமாகுது” என்றார்.

போட்டுவிட்டு ஏறினேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முன் சீட்டிலிருந்து திரும்பி, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “டாக்டர் கேட்டா வீட்ல வெச்சிருந்த ஆசிட்னு சொல்லுங்க மா. அது பொய் இல்லியே. வீட்லதானே இருந்தது.”

திருப்பத்தூரில் ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். பரபரவென்று வேலை பார்த்துக்கொண்டே கேட்டார். “என்ன ஆசிட்? எவ்வளவு ஸ்ட்ராங்? பாட்டில் எங்க?”

“தெரியலை மேடம். வீட்ல வெச்சிருந்தாங்க.”

அலமேலு என் பக்கத்தில்தான் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நர்ஸம்மா அப்படிச் சொல்கிறாள் என்றால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். பன்னிரண்டு வருடமாக நான் சொன்னதையெல்லாம் அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

குழந்தை பிழைத்தது. வேலூருக்கு அனுப்பினார்கள். உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிட்டது. முதல் சில மாதம் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். பிறகு தொண்டை வழியாகக் கருவியை விட்டுச் சுருக்கத்தை விரிப்பார்கள். சில வாரத்தில் மறுபடி சுருங்கும், மறுபடி போக வேண்டும். பலாப்பழக் காலத்தில் ஊரெல்லாம் மணக்கும்போது அந்தப் பிள்ளை கேழ்வரகுக் கூழை வடிகட்டிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அறிக்கை கேட்டார்கள். தனகோட்டி சார் என்னை எதிரில் உட்கார வைத்து, அவசரமில்லாமல் வாய்விட்டுச் சொன்னார், நான் எழுதினேன். ‘குழந்தையின் தாயார் வீட்டு உபயோகத்துக்காக வாங்கி வைத்திருந்த அமிலத்தை, தாயாரின் கவனக்குறைவு காரணமாகக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டது என்பதைப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.’ ‘கவனக்குறைவு’ என்ற இடத்தில் நான் நிறுத்தினேன்.

“எழுதுங்க மா. உங்களுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. இன்னும் பத்து வருசம் சர்வீஸ் இருக்கு. கேன்ல இருந்து ஊத்துனது யாருன்னு கேள்வி வந்தா, என்னையா கேப்பாங்க? நான் உங்களைக் காப்பாத்தறேன்.”

அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்று நினைக்கிறேன். நானும் அன்றைக்கு அதை நம்ப ஆசைப்பட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

குழு ஒரு வாரம் தள்ளி வந்தது. அலமேலு வீட்டைத் தவிர்த்து வேறு வீடுகளைக் காட்டினோம். பரிசும் கிடைத்தது. முன்பே எடுத்து வைத்திருந்த ஒரு போட்டோவைப் பெரிதாக்கி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாட்டினார்கள். சுத்தமான வீட்டுக்கு உதாரணம் என்று கீழே எழுதியிருந்தது. அது அலமேலுவின் வீடு. அதற்குக் கீழே பெஞ்சில் அலமேலு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வேலூருக்குச் சீட்டு எழுதி வாங்கக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் கணவன் அந்த அறிக்கையைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டான். “கவர்மெண்டு பேப்பர்லயே எழுதிக் கீது, உன் கவனம் பத்தாமதான் ஆச்சுன்னு” என்று ஊர் நடுவில் வைத்துக் கேட்டானாம். இரண்டு வருடத்துக்குள் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊரில் ஒரு வீட்டு வாசலிலும் பாட்டில் இல்லை. யாரும் சொல்லி எடுக்கவில்லை. ஒரே வாரத்தில் அவரவரே அறுத்து எறிந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த பாட்டில் எல்லாவற்றிலும் தண்ணீர்தான் இருந்தது. திறந்து குடித்ததில் அதன் தப்பு என்ன? அடுத்த மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பழையபடி வந்தது. மறுபடி பாட்டில் கட்டச் சொல்லி என்னை அனுப்பினார்கள். முதலில் அலமேலு வீட்டுக்குப் போனேன். அவள் கட்டினால் மற்றவர்கள் கட்டுவார்கள் என்ற கணக்கு. வெட்கமில்லாமல் அப்படியும் கணக்குப் போட்டேன்.

அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு வந்தே?” என்றாள்.

அதுவரை அவள் என்னிடம் ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன். அதன் பிறகு பத்து வருடம் அந்த ஊரில் வேலை பார்த்தேன். தடுப்பூசி போடுகிற நாளில் அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போக ஒரு ஒற்றையடிப் பாதை கண்டுபிடித்து வைத்திருந்தேன். தனகோட்டி சார் ஓய்வு பெற்றபோது நானும்தான் மாலை போட்டேன். நான் ஓய்வு பெற்றபோது, மலை மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓய்வூதிய உத்தரவு கைக்கு வந்த பிறகும் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். அதனால், வேலைக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன் என்றுகூட எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

போன மாதம் ஷர்மிளா போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னாள். “அந்தத் தொண்டை பிரச்னை இருக்கே, மல்லிகான்னு, அது பத்தாவது எழுதியிருக்கு அக்கா. கெட்டிக்காரப் பொண்ணு. ஆனா அம்மாகிட்ட முகம் குடுத்தே பேசறதில்ல. ஆஸ்பத்திரி ஃபைல்ல ஏதோ படிச்சிருக்குது போல.”

எங்கள் அறிக்கையின் நகல் ஒன்று அந்தக் கோப்பில் இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த வயதிலேயே அந்தப் பிள்ளை அதைப் படித்திருக்க வேண்டும். தாயாரின் கவனக்குறைவு.

அந்த வாரமே மலைக்குப் போனேன். அலமேலு என்னைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினாள்.

“உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வரல அலமேலு. நான்தான் ஊத்திக் குடுத்தேன்னு சொல்ல வந்தேன்.”

“எனக்குத் தெரியாதா அது? எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றே? அதோ உள்ள குந்தினு கீறா பாரு, அவகிட்ட சொல்லு.”

மல்லிகா வெளியே வந்தாள். ஒல்லியாக, உயரமாக இருந்தாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. உட்காரச் சொல்லாமல், நின்றபடியே கேட்டாள். கேன் வந்ததிலிருந்து கையெழுத்துப் போட்டது வரை எல்லாவற்றையும் சொன்னேன். எங்கேயும் அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும், அந்த வேலையையும் அவளுக்குக் கொடுக்கக் கூடாது.

“அப்ப எங்கம்மா வாங்கினு வந்தது இல்லியா?”

“இல்லம்மா. உங்கம்மா வாங்கல. நான் குடுத்தேன். பேர் ஒட்டாம குடுத்தேன். நான் கூப்பிட்டதாலதான் கீழ வெச்சிட்டு ஓடி வந்தா.”

மல்லிகா உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துவந்தாள்.

“எழுதிக் குடுங்க.”

எழுதினேன். என் பெயர், நான் பார்த்த உத்தியோகம், ஊர் எல்லாம் போட்டு ஒரு பக்கம். அவள் வாங்கி மனதுக்குள் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாள்.

“‘பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கப்பட்டது’ன்னு எழுதியிருக்கீங்க. யாரு ஊத்துனதுன்னு இல்லியே?”

முப்பது வருடத்துக்கு மேல் அறிக்கை எழுதிய கை. அது அப்படித்தான் எழுதுகிறது. அந்த வரியை அடித்துவிட்டு, ‘நான் ஊற்றிக் கொடுத்தேன்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போட்டேன்.

அலமேலுவுக்குப் படிக்கத் தெரியாது. மல்லிகா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் அலமேலு முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்தாள்.

“இன்னொரு தபா படி” என்றாள்.

மல்லிகா மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். நான் போய்ட்டு வர்றேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.